நாடி நோயும் பழுது பார்க்கும் கலங்களும்

(கினிகத்தேனையில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மழையிலும் வட்டவளையிலிருந்தும் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நம் தோட்டங்களில் ஐம்பது வயது தாண்டியவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. "மல ஏறுனா கெண்டக்கால் இழுத்துப் புடிக்குதுங்க, கொஞ்ச நேரம் நின்னா விட்டுருது." சொல்பவர் அதை வாதம் என்பார். வீட்டில் உள்ளவர்கள் வயசு என்பார்கள். தைலம் பூசி, துணி சுற்றிக்கொண்டு மறுநாள் காலையில் பிரட்டுக்களத்தில் போய் நின்றுவிடுவார்.

நடக்கும்போது பிடித்து, நின்றவுடன் விட்டுப்போகும் வலி பெரும்பாலும் வாதம் இல்லை. காலுக்குக் குருதி கொண்டுபோகும் நாடி ஒடுங்கியிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. ஏறும்போது தசைக்கு ஒட்சிசன் அதிகம் தேவைப்படுகிறது, ஒடுங்கிய நாடியால் அதைக் கொடுக்க முடிவதில்லை, தசை வலிக்கிறது. நின்றால் தேவை குறைகிறது, வலி போய்விடுகிறது. காலில் நாடி ஒடுங்கியவருக்கு இருதயத்திலும் மூளையிலும் நாடி கெட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். ஏனென்றால் நோய் ஒன்றுதான், இடம்தான் வேறு.

அடைப்பு என்றால் எல்லோருக்கும் தெரியும். "பைபாஸ்", "ஸ்டென்ட்" என்ற சொற்களை லயத்துக் குழந்தைகூடச் சொல்லும். அதிகம் பேசப்படாத மற்றொரு பக்கத்தை இன்று சொல்லப் போகிறேன். கெட்டுப்போன குருதிக்குழாயைத் திருத்துவதற்கென்றே நம் உடம்பில் சில கலங்கள் இருக்கின்றன. நாடி நோய் அந்தக் கலங்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. மிஞ்சியவற்றின் வலுவையும் எடுத்துவிடுகிறது. குழாயைக் கெடுத்த கையோடு திருத்துகிறவர்களையும் இல்லாமல் ஆக்கும் நோய் இது. அந்தக் கலங்களைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகளில் பெரும்பாலானவற்றுக்கு நீங்கள் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி அதை விளக்குகிறேன்.

நாடியின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படை இருக்கிறது. அகவணி என்று நம் பாடநூல்கள் சொல்லும். ஒரே ஒரு கலத்தின் தடிப்புத்தான். நெடுங்காலம் அதைச் சும்மா ஓர் உறை என்றே வைத்தியர்கள் நினைத்தார்கள். 1980இல் அமெரிக்காவைச் சேர்ந்த ரொபர்ட் ஃபர்ச்கொட் முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்துச் செய்த சோதனை அந்த எண்ணத்தை மாற்றியது. ஒரு மருந்தை விட்டால் நாடி சில நேரம் விரிந்தது, சில நேரம் சுருங்கியது. உட்படை உரசிப் போயிருந்த துண்டுகள்தான் விரியவில்லை என்பதை அவர் கண்டுபிடித்தார். நாடியை விரியவைக்கும் ஏதோ ஒன்றை அந்த மெல்லிய படையே சுரக்கிறது என்று தெரிந்தது. அது நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1998இல் அவருக்கும் லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகியோருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இந்த வாயுவின் பெயரை நினைவில் வைத்திருங்கள், இன்னொரு இடத்தில் மறுபடி வரும்.

அகவணி நன்றாக இருக்கும் வரை குருதி உறையாமல் ஓடும், கொழுப்பு சுவருக்குள் நுழையாது, தேவைக்கேற்ப நாடி விரியும். புகை, கூடிய சீனி, பிரஷர், கெட்ட கொலஸ்ட்ரோல் ஆகியவை அந்தப் படையைத்தான் முதலில் காயப்படுத்துகின்றன. காயம்பட்ட இடத்தில் கொழுப்பு நுழைகிறது. அதைத் தின்ன வரும் வெண்கலங்கள் கொழுத்து அங்கேயே தங்கிவிடுகின்றன. சுவர் தடிக்கிறது. ஒருநாள் அந்தத் தடிப்பு வெடித்து அதன்மேல் குருதி உறைந்தால் மாரடைப்பு. இது கிழவர்களின் நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இருதயங்களை ஆராய்ந்து 1953இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேருடைய இருதய நாடியில் நோயின் அடையாளம் இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஏ.எல். பிள்ளைகளே, உங்கள் வயதுக்கும் அந்தச் சிப்பாய்களின் வயதுக்கும் பெரிய தூரமில்லை.

இவ்வளவு நாசம் நடந்தும் எல்லோருக்கும் இருபத்தைந்து வயதில் மாரடைப்பு வருவதில்லை. காரணம், காயம் பட்டுக்கொண்டே இருக்கும்போது அது ஆறிக்கொண்டும் இருக்கிறது.

எப்படி ஆறுகிறது? பக்கத்தில் இருக்கும் அகவணிக் கலங்கள் பெருகி இடத்தை மூடுகின்றன என்றுதான் நீண்டகாலம் நம்பினார்கள். 1997இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் தகாயுகி அசஹாரா என்ற ஜப்பானிய ஆய்வாளரும் ஜெஃப்ரி இஸ்னர் என்ற இருதய வைத்தியரும் தங்கள் குழுவோடு ஓர் ஆய்வை 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். வளர்ந்த மனிதரின் குருதியிலிருந்தே சில அபூர்வமான கலங்களைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். அவை அகவணிக் கலங்களின் குணங்களைப் பெற்றன. கால் நாடி அடைக்கப்பட்ட விலங்குகளுக்கு அவற்றைச் செலுத்தியபோது, புதிதாக உருவான குழாய்களின் சுவரில் அவை போய்ச் சேர்ந்திருந்தன. அகவணி முன்னோடிக் கலங்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். குருதியில் சுற்றும் வெண்கலங்களில் ஆயிரத்துக்கு ஒன்றுகூட இவை இருக்காது.

இந்த மண்டபத்தில் தேயிலை தெரியாதவர்கள் இல்லை, அதனால் தேயிலையை வைத்தே சொல்கிறேன். மலையில் செடி பட்டுப்போனால் அந்த வெற்றிடத்துக்கு நாற்றுமேடையிலிருந்து கன்று கொண்டுபோய் நட வேண்டும். நட்டால் மலை மூடிக்கொள்ளும். நடாமல் விட்டால் வெறும் மண் தெரியும், ஒரு மழைக்கு மேல்மண் போகும், பக்கத்துச் செடியின் வேரும் வெளியே வரும். பழைய தோட்டங்களில் நாற்றுமேடையே கைவிடப்பட்டுப் பாழாய்க் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாடி நோய் முற்றிய உடம்பின் நிலை அதுதான்.

காலிலோ இருதயத்திலோ ஓரிடத்தில் ஒட்சிசன் குறைந்தால் அந்தத் தசை சில புரதங்களைக் குருதியில் கலக்கிறது. ஆள் வேண்டும் என்ற அழைப்பு அது. அழைப்பு என்பு மச்சைக்குப் போகிறது. மச்சையில் இருக்கும் கலங்கள் கட்டவிழ்ந்து குருதிக்குள் இறங்க வேண்டும். அவற்றைக் கட்டவிழ்ப்பது எது? 2003இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் ஆய்வாளர்கள் நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்கும் நொதியம் இல்லாத எலிகளை ஆராய்ந்தார்கள். அந்த எலிகளில் அழைப்பு போனாலும் கலங்கள் போதிய அளவு வெளியே வரவில்லை. நாடியை விரிக்கும் அதே வாயு மச்சையின் கதவையும் திறக்கிறது. நோயால் அந்த வாயு குறையும்போது இரண்டு வேலையும் ஒரேயடியாகக் கெடுகின்றன. புகையும் சீனியும் நாடிக்கு மட்டும் தீங்கு செய்வதாக நினைத்தவர்கள் இந்த ஓர் இடத்தையாவது மறக்கக் கூடாது.

அதே பிராங்க்ஃபர்ட் குழு 2001இல் இருதய நாடி நோயுள்ள 45 பேரையும் ஆரோக்கியமான 15 பேரையும் ஒப்பிட்டது. நோயாளிகளின் குருதியிலிருந்து வளர்த்தெடுத்த முன்னோடிக் கலங்கள் ஏறக்குறைய நூற்றுக்கு 40 குறைவு. இருந்தவையும் அழைப்பு வரும் திசைக்கு நகரும் திறனை இழந்திருந்தன. ஒருவரிடம் புகை, பிரஷர், சீனி, கொழுப்பு என்று ஆபத்துகள் கூடக் கூடக் கலங்கள் குறைந்துகொண்டே போயின. எண்ணிக்கையைக் குறைப்பதில் புகைத்தலே முன்னணியில் நின்றது. நகரும் திறனைக் கெடுப்பதில் பிரஷர் முன்னணியில் நின்றது.

2003இல் அமெரிக்காவில் இருதய நோய் எதுவும் கண்டறியப்படாத 45 ஆண்களைச் சோதித்தார்கள். வெளிப்பார்வைக்கு நல்லவர்கள். ஆனால் ஆபத்துகள் அதிகம் உள்ளவர்களின் குருதியில் இந்தக் கலங்கள் குறைவாக இருந்தன. அவர்களின் கலங்கள் சோதனைத் தட்டில் சீக்கிரம் முதுமை அடைந்தன. ஆள் நடுவயது, கலம் கிழம். 2005இல் ஜெர்மனியில் 519 இருதய நோயாளிகளை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தபோது, இந்தக் கலங்கள் அதிகம் உள்ளவர்களிடையே இருதய நோயால் ஏற்பட்ட மரணம் குறைவாக இருந்தது. நெடுநாள் இருதய நோயாளிகளின் என்பு மச்சையிலிருந்தே கலங்களை எடுத்துக் கால் நாடி அடைத்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. ஆரோக்கியமானவர்களின் மச்சைக் கலங்கள் செய்த அளவுக்கு அவை புதுக்குழாய் உண்டாக உதவவில்லை. குருதியில் வந்த பிறகு கெடுவது ஒரு பக்கம், நாற்றுமேடையிலேயே கெட்டுப்போவது இன்னொரு பக்கம்.

இப்போது சீனி வருத்தத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், மன்னிக்க வேண்டும்.

2005, 2006 ஆண்டுகளில் நம் நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோருக்குத் தங்களுக்கு அந்த வருத்தம் இருப்பதே தெரியாது. அது இருபது வருடத்துக்கு முந்திய கணக்கு. நாம் மாவு ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் சாப்பிட்டு வளர்ந்த சமூகம். பென்சன் எடுத்து லயத்து வாசலில் உட்கார்ந்த பிறகும் சாப்பாடு மட்டும் மாறுவதில்லை.

இத்தாலியின் பதுவா நகரில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு நம் ஊருக்கென்றே செய்தது போல இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களின் குருதியில் அகவணி முன்னோடிக் கலங்கள் மற்றவர்களைவிட நூற்றுக்கு 40 குறைவு. காலில் நாடி நோயும் சேர்ந்தவர்களிடம் இன்னும் குறைவு. காலில் ஆறாத புண் உள்ளவர்களிடம் எல்லோரையும்விடக் குறைவு. கணுக்காலில் குருதி அழுத்தம் எவ்வளவுக்குக் குறைந்திருந்ததோ அவ்வளவுக்குக் கலங்களும் குறைந்திருந்தன. நீரிழிவு உள்ளவர்களின் இக்கலங்கள் மெதுவாகவே பெருகுகின்றன, ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டுவதில்லை, குழாய் அமைப்பதில் சேர்வதில்லை என்று 2002இலேயே அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருந்தது.

இதை நம் மலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். கினிகத்தேனையும் வட்டவளையும் இலங்கையிலேயே அதிகம் மழை பெய்யும் பகுதிகளில் சேர்ந்தவை. மழை என்றால் அட்டை. அட்டை கடித்த இடத்தில் குருதி நிற்காமல் வடிகிறது. குருதியை உறையவிடாத பொருள் மருத்துவ அட்டையின் வாயிலிருந்து வருகிறது என்பதை 1884இல் ஜோன் ஹேகிராஃப்ட் என்பவர் கண்டுபிடித்தார். அதைப் பின்பற்றி உருவான மருந்தொன்று இன்று இருதய நாடிக்கு ஸ்டென்ட் வைக்கும்போது பயன்படுகிறது. அது ஒரு புறம் இருக்கட்டும். இருபது வயதில் அட்டைக்கடி இரண்டு நாளில் ஆறியது. ஐம்பத்தைந்து வயதில், சீனி வருத்தம் வந்த பிறகு, அதே கடியைச் சொறிந்து புண்ணாக்கி, ஈரச் செருப்புக்குள் காலை வைத்து, கவ்வாத்துக் கட்டை குத்திய காயமும் சேர்ந்தால், புண் மாதக்கணக்கில் நிற்கிறது. சீனி நரம்பையும் கெடுத்துவிடுவதால் வலி தெரிவதில்லை. வலிக்கவில்லை என்பதால் யாருக்கும் காட்டுவதில்லை. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்துக் கட்டுகிறார்கள். விரல் கறுத்த பிறகுதான் வைத்தியசாலைக்கு வருகிறார்கள். ஆறாத அந்தப் புண்ணின் அடியில் குருதி வரும் குழாயும் இல்லை, புதுக்குழாய் போட வரும் கலங்களும் இல்லை. மேலே எவ்வளவு மருந்து வைத்தாலும் கீழேயிருந்து எதுவும் வராத புண் எப்படி ஆறும்? நம் பெண்கள் விரலையும் பாதத்தையும் இழப்பதை விதி என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. அதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது.

அடுத்தது நம் இனத்தாரைப் பற்றிய செய்தி. மாரடைப்புப் பற்றி 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில் இலங்கையும் இருந்தது. அதிலிருந்து தெற்காசியர்களைத் தனியே எடுத்துப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். மற்ற நாட்டவர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது ஏறக்குறைய 59. நமக்கு 53. ஆறு வருடம் முந்தி வருகிறது. அந்த ஆறு வருடம் பிள்ளையின் படிப்பு முடியும் காலம், மகளின் கல்யாணக் காலம்.

அதே 2007இல் பிரித்தானியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அங்கு வாழும் இளம் தெற்காசிய ஆண்களை, எந்த நோயும் இல்லாதவர்களை, அதே வயது வெள்ளைக்காரர்களோடு ஒப்பிட்டார்கள். நம்மவர்களின் நாடி விரியும் திறன் குறைவாக இருந்தது. பழுது பார்க்கும் கலங்களும் குறைவாக இருந்தன. 2014இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி ஆழமாகப் போனார்கள். தெற்காசிய ஆண்களின் குருதியிலிருந்து வளர்த்த அகவணிக் கலங்களைக் காயம்பட்ட எலி நாடியில் விட்டபோது அவை சரியாகத் திருத்தவில்லை. அந்தக் கலங்களுக்குள் 'ஏகேடி' என்ற புரதத்தின் செயல் மந்தமாக இருந்ததுதான் காரணம். அதைத் தூண்டிவிட்டதும் அதே கலங்கள் நன்றாக வேலை செய்தன.

இதைக் கேட்டு "நம்ம ரத்தமே இப்படித்தான்" என்று யாரும் கையை விட்டுவிடக் கூடாது. அந்தக் கலங்கள் செத்துப்போனவை அல்ல, மந்தப்பட்டவை. தூண்டினால் எழும்புகின்றன. நமக்கு வசதி குறைந்த பழுதுபார்ப்புப் படைதான் பிறவியில் கிடைத்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் புகையால் அதை மேலும் குறைக்கும் உரிமை மற்றவர்களைவிட நமக்குக் குறைவு.

விஞ்ஞானத்தில் நடந்த ஒரு திருத்தத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2004க்குப் பிறகு மேர்வின் யோடர், டேவிட் இங்கிராம் போன்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய முறையில் எண்ணப்பட்ட கலங்களை மறுபடி உற்றுப் பார்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை உண்மையில் ஒருவகை வெண்கலங்கள் என்று தெரிந்தது. அவை குழாயின் சுவராக மாறுவதில்லை. காயத்துக்கு அருகில் போய், வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து உதவுகின்றன. உண்மையாகவே சுவராக வளரக்கூடிய கலங்கள் இன்னும் அபூர்வமானவை. அவை என்பு மச்சையிலிருந்து வருகின்றனவா, குழாய்ச் சுவரிலேயே பிறக்கின்றனவா என்ற விவாதமும் நடந்தது. சுவரிலேயே பிறக்கின்றன என்ற பக்கமே இப்போது வலுத்திருக்கிறது. ஆகவே 1997இல் வரைந்த படம் இன்று அப்படியே நிற்கவில்லை. நிற்பது என்னவென்றால், கொத்தனாராக வந்தாலும் சித்தாளாக வந்தாலும், இந்தக் கலங்கள் குறைந்தவர்களின் நாடி மோசமாக இருக்கிறது, புகையும் சீனியும் அவற்றைக் குறைக்கின்றன என்ற உண்மை.

அப்படியானால் கலங்களை வெளியிலிருந்து ஊசியால் ஏற்றினால் என்ன என்று கேட்பீர்கள். ஏற்றிப் பார்த்தார்கள். 2002இல் ஜப்பானில் நோயாளியின் சொந்த மச்சைக் கலங்களைக் கால் தசையில் செலுத்தியபோது வலி குறைந்து நடக்கும் தூரம் கூடியதாக அறிவித்தார்கள். உலகம் முழுக்க நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2015இல் நெதர்லாந்தில் 160 பேரைக் கொண்டு, பாதிப்பேருக்கு மச்சைக் கலமும் பாதிப்பேருக்கு வெறும் பொய்மருந்தும் கால் நாடி வழியாகக் கொடுத்துப் பார்த்தபோது, காலை வெட்ட வேண்டிய நிலை குறையவில்லை. மாரடைப்புக்குப் பின் மச்சைக் கலம் கொடுத்த ஐரோப்பிய ஆய்வொன்றும் 2020இல் தெளிவான பலன் காட்டாமல் முடிந்தது. எனக்கு இது வியப்பாக இல்லை. நோயாளியின் மச்சையே கெட்டிருக்கும்போது அதிலிருந்து எடுத்த கலம் எவ்வளவு உதவும்? வேறு ஆரோக்கியமானவர்களின் மச்சையிலிருந்து வளர்த்த கலங்களைக் கொண்டு பெங்களூரில் தயாரித்த 'ஸ்டெம்பியூசெல்' என்ற மருந்துக்கு, குருதியோட்டம் மிகவும் குறைந்த கால்களுக்காக, இந்திய அரசு 2020இல் அனுமதி கொடுத்திருக்கிறது. குறிப்பிட்ட நோயாளிகளுக்கு, குறிப்பிட்ட வைத்தியர்களின் மேற்பார்வையில் கொடுப்பது அது.

அந்த மருந்துக்கும், பேப்பரில் விளம்பரம் போட்டு எல்லா வருத்தத்துக்கும் மூலக்கல (ஸ்டெம் செல்) ஊசி என்று அழைப்பவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நகையை அடகு வைத்து, இ.பி.எப். பணத்தை எடுத்து அப்படிப்பட்ட இடங்களுக்குப் போக வேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஊசியில்லாமல் அந்தக் கலங்களைக் கூட்டும் வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது புகை. 2004இல் ஜப்பானில் புகைப்பதை விட்டவர்களின் குருதியை அடிக்கடி சோதித்தார்கள். நான்கு வாரத்துக்குள்ளேயே கலங்கள் விறுவிறுவென்று கூடின. மறுபடி புகைக்கத் தொடங்கியவர்களிடம் பழைய அளவுக்கே இறங்கிவிட்டன. குறைவாகப் புகைத்தவர்கள் அதிகம் மீண்டார்கள். இதைவிட நல்ல செய்தி இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை. முப்பது வருடம் பீடி குடித்த உடம்பும் மன்னிக்கத் தயாராக இருக்கிறது. பீடியும் சிகரட்டும் ஆண்களின் பாவம் என்று நினைத்துக்கொண்டு வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் அம்மாக்களும் கேளுங்கள். புகையிலை வாயில் வைத்தாலும் அதன் நிக்கொட்டின் குருதிக்குத்தான் போகிறது. பிரஷரை ஏற்றுகிறது. வாயில் புற்றுநோயையும் கொண்டுவருகிறது. பசியை அடக்கவும் குளிரைத் தாங்கவும் மலையில் வெற்றிலை வேண்டியிருக்கிறது என்பதை அறிவேன். புகையிலையை மட்டுமாவது விடுங்கள்.

இரண்டாவது நடை. 2004இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வில் இருதய நாடி நோயாளிகள் 28 நாள் மிதமான உடற்பயிற்சி செய்ததும் இந்தக் கலங்கள் கூடின. 2005இல் லைப்சிக் நகரில் கால் நாடி அடைத்தவர்களை வலி வரும் வரை நடக்கவைத்தார்கள். நான்கு வாரத்தில் அவர்களின் குருதியிலும் கூடின. தசைக்கு ஒட்சிசன் குறைவதுதான் அழைப்பை எழுப்புகிறது என்று முன்பு சொன்னேன் அல்லவா, வலி வரும் வரை நடப்பது அந்த அழைப்பை வேண்டுமென்றே எழுப்புவதாகும். வலி பொறுக்கமுடியாமல் போகும்போது நில்லுங்கள். விட்டதும் மறுபடி நடங்கள். ஒரு தடவைக்கு அரை மணிமுதல் முக்கால் மணி நேரம், வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதம். காலில் புண் இருப்பவர்களும் நெஞ்சுவலி உள்ளவர்களும் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.

"நாங்க நாள் முழுக்க மலையிலதானே நிக்கிறோம், இன்னும் எதுக்கு நடக்கணும்" என்று கொழுந்தெடுக்கும் அக்காமார் கேட்பது நியாயம். வேலையின் பாரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கொழுந்தெடுப்பது செடிக்குச் செடி நின்று நகரும் வேலை. நான் சொல்வது கையை வீசி, மூச்சு வாங்க, நிற்காமல் நடக்கும் நடை. அதைவிட, பென்சன் எடுத்தவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நாற்பது வருடம் ஏறி இறங்கிய கால்கள் ஒரே மாதத்தில் திண்ணையோடு நின்றுவிடுகின்றன. கடை வேலைக்குக் கொழும்புக்குப் போய், காலையிலிருந்து இரவு வரை கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் நம் பையன்களுக்கும் அதே நிலைதான்.

மூன்றாவது மருந்து. கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் நான்கு வாரத்தில் இந்தக் கலங்களை மூன்று மடங்காக்கியதை 2001இல் பதினைந்து நோயாளிகளில் கண்டார்கள். நீண்டகாலம் எடுத்தால் அந்தக் கூடுதல் நிலைக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மாரடைப்பைக் குறைப்பதில் அந்த மருந்தின் பலன் ஆயிரக்கணக்கானோரில் நிரூபணமானது. அரச கிளினிக்கில் இலவசமாகத் தருகிறார்கள். "கொலஸ்ட்ரோல் கொறஞ்சிருச்சு" என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அது குறைந்தது மருந்தால்தான். பிரஷர் குளிசைக்கும் இதே பேச்சுத்தான். கிளினிக் நாளில் அரைநாள் சம்பளம் போகிறதே என்று மாதங்களைத் தாண்டவிடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அரைநாளை வெட்டாமல் கொடுப்பது தோட்ட நிர்வாகங்களின் கடமை என்பதைத் தொழிற்சங்கத்தார் இந்த மண்டபத்தில் இருக்கும்போதே சொல்லிவைக்கிறேன். பேர் போடுவது, கிலோ கணக்கு என்றெல்லாம் பேசுகிற பேச்சில் இதையும் ஒரு கோரிக்கையாகச் சேருங்கள்.

இறுதியாகக் காலைப் பற்றி. கணுக்காலில் எடுக்கும் பிரஷரைக் கையில் எடுக்கும் பிரஷரால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9க்குக் குறைந்தால் கால் நாடி ஒடுங்கியிருக்கிறது என்று பொருள். கம்பஹா மாவட்டத்தில் 40க்கும் 74க்கும் இடைப்பட்ட வயதினரை இப்படிச் சோதித்தபோது நூற்றுக்குச் சுமார் 3.6 பேருக்கு இந்நோய் இருந்தது. வலி எதுவும் சொல்லாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்தக் கருவி எல்லா இடத்திலும் இருக்காது. ஆனால் விரல் எல்லா வைத்தியருக்கும் இருக்கிறது. பாதத்தின் மேற்புறத்தில் ஒரு நாடித்துடிப்பும் உள்கணுக்காலுக்குப் பின்னால் ஒன்றும் உண்டு. தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இரவில் படுத்தால் பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறைகிறதென்றால், நாளைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். விரல் கறுத்தாலும், புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும் அப்படியே. திடீரென்று ஒரு கால் வெளிறி, குளிர்ந்து, தாங்கமுடியாமல் வலித்தால் நாளை வரை காத்திருக்கக் கூடாது. ஆறு மணி நேரத்துக்குள் குருதியோட்டம் திரும்பாவிட்டால் அந்தக் காலை இழக்க நேரலாம். நெஞ்சு அழுத்தி வியர்த்தாலும் உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். லொறி தேடியும் டொக்டர் ஐயாவைத் தேடியும் நேரத்தைப் போக்க வேண்டாம்.

தாய்மாரே, அடுத்த கிளினிக் நாளில் கினிகத்தேனை வைத்தியசாலைக்கோ, கிளங்கனுக்கோ, நாவலப்பிட்டிக்கோ போகும்போது காலைக் கழுவிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் கேட்காமலே செருப்பைக் கழற்றிவிட்டு, "ஐயா, கால் நாடியையும் ஒருக்காத் தொட்டுப் பாருங்க" என்று சொல்லுங்கள். கூட்டம் அதிகம் என்று சொன்னாலும் விடாதீர்கள். கூச்சப்படவும் வேண்டாம். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.